பித்தளைக்குப் பொருந்திய குழல்

கனத்த குழல் துப்பாக்கி எது கடைக்கு வந்தாலும் வெர்னா அதைப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். கடை முதலாளி மெர்லுக்கு அது பழகிப்போன விஷயம்.

"மத்தவங்க நாய்க்குட்டிய எடுத்துட்டுப் போய்க் கொஞ்சுவாங்க. இவ இரும்ப எடுத்துட்டுப் போறா," என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

"நீங்க விலை சொன்னா கடை மூணு மாசத்துல மூடிரும் மெர்ல். அதான் நான் பாக்கறேன்," என்பாள் வெர்னா உள்ளிருந்தே.

அது உண்மையும்கூட. அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் அந்த வட்டாரத்தில் யார் செத்தாலும், அவர் விட்டுப்போன துப்பாக்கிகளுக்கு விலை சொல்ல வெர்னாவைத்தான் கூப்பிட்டார்கள். குழலின் நீலப் பூச்சு பழையதா, பிறகு பூசியதா. தொலைநோக்கி பொருத்த யாராவது புதிதாகத் துளை போட்டார்களா. மரப்பிடி முதலில் இருந்ததுதானா? ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். ஐம்பத்தைந்து வயது, கல்யாணம் இல்லை, வீட்டில் அம்மா மட்டும். பெண்பிள்ளைக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. உள்ளூரில் யாரும் கேட்பதில்லை.

1968 ஜூன் மாதம் அவள் அண்ணன் லைலுக்குப் பத்தொன்பது வயது. மேய்ச்சல் நிலத்தின் கிழக்குக் கோடியில் கம்பி வேலி சரிசெய்துகொண்டிருந்தான். மதியச் சாப்பாடு எடுத்துப் போன வெர்னாவுக்குப் பதினான்கு. அவன் வேலிக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்து தூங்குகிறான் என்று நினைத்துப் பக்கத்தில் போனாள். சட்டையின் முன்பக்கம் முழுதும் ரத்தம் உறைந்து கறுத்திருந்தது. ஈ மொய்த்தது.

பிரெய்ரி நாய் சுடுகிறவர்களில் எவனோ ஒருவன் என்று எல்லோருக்கும் புரிந்தது. பெயர்தான் நாய், வளை தோண்டிப் புல்லைப் பாழாக்கும் கொழுத்த அணில். கோடைக்காலத்தில் மேட்டில் குப்புறப் படுத்து, கனத்த குழலைத் தாங்கியில் வைத்து, நானூறு ஐந்நூறு கெஜத்துக்கு அப்பாலிருந்து அவற்றைச் சுடுவது அங்கே பாதிப் பேருக்குப் பொழுதுபோக்கு. ஆனால் அதற்கான குண்டு மெல்லியது, பட்டதும் தூளாகிவிடும். லைலின் நெஞ்சிலிருந்து எடுத்த ஈயச் சில்லுகளை வைத்து எந்தத் துப்பாக்கி என்று சொல்ல முடியாது என்று ஷெரிஃப் கைவிரித்துவிட்டார்.

மூன்றாம் நாள் அப்பா தனியாக எதிர் மேட்டுக்குப் போய்ப் புல்லை விலக்கித் தேடினார். பித்தளையிலான ஒரு காலித் தோட்டாக் கூடு கிடைத்தது. கடையில் விற்கும் எந்த அளவோடும் அது ஒத்துப்போகவில்லை. யாரோ ஒரு கைவினைஞன் பெரிய தோட்டாவின் கழுத்தை நெருக்கித் தன் இஷ்டத்துக்குச் செய்த அளவு. ஷெரிஃப் அதை வாங்கி உருட்டிப் பார்த்தார். "ஒண்ணுத்துக்கும் ஆகாது," என்று சில மாதங்கள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். அப்பா வெளியே யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் இறந்த பிறகு அது வெர்னாவிடம் வந்தது. அந்தக் கூடு எந்தத் துப்பாக்கியில் வெடித்தது என்று கண்டுபிடிக்கத்தான் அவள் துப்பாக்கி படித்தாள். வேறு ஆசை எதுவும் அதில் இல்லை.

முப்பது வருடமாகப் பின்னறையில் எத்தனையோ கனத்த குழல்களைப் பார்த்தாயிற்று. ஒன்றும் பொருந்தவில்லை.

2009 பிப்ரவரியில் பக்கத்துப் பண்ணை ஆர்டன் புற்றுநோயில் செத்துப்போனார். லைல் இறந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் விடிவதற்குள் டிராக்டரோடு வந்து, வெர்னா வீட்டுப் பாதையில் கிடந்த பனியைத் தள்ளிவிட்டுப் போனவர் அவர். காப்பி குடிக்கக் கூப்பிட்டால் உள்ளே வரமாட்டார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார். ஊரில் அவரைப் போல நல்ல மனிதர் இல்லை என்று அம்மா சொல்லுவாள். அடக்கத்தன்று வெர்னாதான் உருளைக்கிழங்கு வேகவைத்துத் தேவாலயத்துச் சாப்பாட்டுக்கு எடுத்துப் போனாள்.

ஏப்ரலில் அவர் மனைவி இர்மா ஒரு பழைய போர்வையில் சுற்றிய நீளமான பொருளைக் கடை மேசைமேல் வைத்தாள்.

"தானியக் களஞ்சியத்து மச்சுல கெடந்துது. எனக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல வெல வந்தா கொடுத்துரு கண்ணு. நான் மக வீட்டுக்குப் போயிடப் போறேன்."

"ஆர்டன் சுடறத நான் பாத்ததே இல்லையே."

"கண்ணு சரியில்லன்னு விட்டுட்டாரு. ரொம்ப காலம் ஆச்சு."

போர்வையைப் பிரித்ததும் வெர்னா நல்ல வேலைப்பாட்டைக் கண்டாள். பழைய ஜெர்மன் பட்டாளத் துப்பாக்கியின் இயக்கப் பகுதி, அதில் கட்டைவிரல் பருமனுக்கு முனைவரை கனம் குறையாத குழல், வால்நட் மரப்பிடி. குழலின் வெளியே அளவு எதுவும் பொறிக்கவில்லை. பின்னறையில் திருகுகளைக் கழற்றி மரத்தைப் பிரித்தாள். குழலின் அடியில், மரம் மறைத்திருந்த இடத்தில், செய்தவனின் பெயரின் இரண்டு எழுத்தும் 1967 என்ற வருடமும் இருந்தன. உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள். இந்த ரகக் குழல்கள் தொண்டையில், குண்டு குழலுக்குள் நுழையும் இடத்தில், சீக்கிரம் எரிந்துவிடும். இது எரியவில்லை. நூறு வேட்டுக்கூடப் போயிருக்காது. பழம்பொருள் சேர்ப்பவர்கள் அதற்காகவே அதிகம் கொடுப்பார்கள்.

பிறகு எப்போதும் செய்வதைச் செய்தாள். சுலபமாக உருகும் உலோகத்தைக் காய்ச்சி, தோட்டா அமரும் அறையில் ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்தாள். அந்த வார்ப்பை அளந்தாள். கழுத்து, தோள், அடிப்பாகம். மூன்று முறை அளந்தாள். அப்பாவின் பித்தளைக் கூட்டை அந்த அறையில் வைத்துத் துப்பாக்கியின் பூட்டுத் தாழைத் தள்ளினாள். தடையில்லாமல் போய் மூடிக்கொண்டது. கடைசியில் குண்டும் வெடிமருந்தும் இல்லாமல், அடியில் பொறி கொடுக்கும் சின்னக் குப்பி மட்டும் வைத்து, அதே அளவில் ஒரு புதுக் கூட்டைத் தயார் செய்து விசையை அழுத்தினாள். கூட்டின் அடியில் ஊசி குத்திய பள்ளம் நடுவிலிருந்து சற்று இடதுபுறம் தள்ளி விழுந்திருந்தது. பழைய கூட்டிலும் அப்படித்தான்.

சத்தம் கேட்டு மெர்ல் கதவைத் தட்டினார். "என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. நான் இன்னிக்கு சீக்கிரம் போறேன்."

இர்மாவின் சமையலறையில் அட்டைப்பெட்டிகள் பாதி கட்டியிருந்தன. வெர்னா உட்காரவில்லை. பித்தளைக் கூட்டை மேசைமேல் வைத்து, அது எங்கே கிடைத்தது, எதில் பொருந்தியது என்று சொன்னாள்.

இர்மா கூட்டைத் தொடவில்லை. "அவர் வேணும்னு பண்ணல," என்றாள்.

"வேணும்னு பண்ணாருன்னு நான் சொல்லலையே."

இர்மா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்பத்திலேருந்து தெரியும்?" என்றாள் வெர்னா.

"அன்னிக்கு சாயங்காலமே. வாங்கி ரெண்டு வாரம்தான் ஆயிருந்துது. வளையப் பாத்துதான் சுட்டேன், அது தாண்டிப் போயிருக்கும்னு சொல்லி அழுதாரு. எனக்கு மடியில ஒண்ணு, வயித்துல ஒண்ணு. ஷெரிஃப் வேற குண்டு தூளாப் போச்சு, ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டாரு. வாய மூடிட்டு இருங்கன்னு நான்தான் சொன்னேன்."

"எங்கப்பா பதினோரு வருஷம் அந்த மேட்டுல போயி உக்காந்திருந்தார் இர்மா. அப்படியே செத்தார்."

"தெரியும். எங்க ஜன்னல்லேருந்து தெரியும்."

"இத எதுக்கு எங்கிட்ட கொண்டு வந்தீங்க?"

"வேற யார்கிட்ட கொண்டுபோக? நாப்பது வருஷம் ஆச்சு. இந்தக் கூடு இருக்கறது எனக்குத் தெரியாதே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துப் பெட்டியின் மூடியை மடித்து அழுத்தினாள். பிறகு கேட்டாள்: "இனிமே அது வெலபோகுமா?"

வெர்னாவுக்கு அவளை அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் வாய் தொழிலைத்தான் பேசியது.

"ரெண்டாயிரத்து இருநூறு டாலர். குழல் தேயாம இருக்கு. அதனால அவ்வளவு."

ஷெரிஃப் அலுவலகத்தில் இப்போது இருந்தவன் சின்ன வயதுக்காரன், மரியாதையாகக் கேட்டான். அந்தக் கூட்டைக் காகித உறையில் போட்டு எண் எழுதினான். சுட்டவர் இறந்துவிட்டார், தெரிந்தே மறைத்ததற்கு வழக்குப் போடும் காலமும் கடந்துவிட்டது என்று சொன்னான். சில வாரங்கள் துப்பாக்கியை வைத்திருந்துவிட்டுச் சொந்தக்காரியிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அதை ஐடஹோவிலிருந்து வந்த ஒருவர் வாங்கிப் போனார். கிடைத்த விலை வெர்னா சொன்னதற்கு ஐம்பது டாலர்தான் குறைவு. இர்மா ஜூன் மாதம் மகள் வீட்டுக்குப் போனாள். விடைபெற யார் வீட்டுக்கும் வரவில்லை.

அம்மாவிடம் சொல்வதா என்று வெர்னா ஒரு கோடை முழுதும் யோசித்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அம்மா கண்ணை மூடி ஜெபிக்கும்போது, லைல் பெயருக்கு அடுத்து ஆர்டன் பெயரைச் சொன்னாள். வெர்னா எழுந்து போனாள். மறுநாளிலிருந்து அம்மாவுக்குப் பரிமாறிவிட்டுத் தான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"ஏன்டி உக்கார மாட்டேங்கற?"

"முதுகு வலிம்மா."

அம்மா அடுத்த மார்ச்சில் இறந்துபோனாள், ஒன்றும் தெரியாமலே. அதற்கு முன்பே வெர்னா மெர்லின் கடையை விட்டு நின்றிருந்தாள். ஏன் என்று மெர்ல் கேட்டதற்கு, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்று மட்டும் சொன்னாள். ரயிலடியில் கோதுமை லாரிகளுக்கு எடை போடும் வேலை கிடைத்தது. யாராவது துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அங்கே விலை கேட்டு வந்தால், எனக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.