ராஜபாளையம் ஏழரை மணி பஸ்ஸில் பெப்பர் ஸ்பிரே அடித்த கதை

பிளவக்கல் அணையைப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. போன மாதம் நான் வேலை பார்க்கும் பள்ளியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தது. வழக்கம்போலத் தனியாகவே கிளம்பினேன். அணையைப் பற்றி எழுதத்தான் நினைத்திருந்தேன். எழுதப்போவது ஒரு பஸ்ஸைப் பற்றி. இதைத் தட்டும்போதும் கோபம் அடங்கவில்லை.

சென்னை ரயில் காலை ஆறரைக்கு ராஜபாளையத்தில் இறக்கிவிட்டது. பேருந்து நிலையத்துக்கு எதிரில் நான்கு இட்லி, ஒரு காபி, ஐம்பத்தைந்து ரூபாய். ஏழரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் தனியார் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம், டிக்கெட் பதினைந்து ரூபாய். மில்லில் இரவு ஷிப்ட் முடிந்த பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். நின்றுகொண்டுதான் போனேன்.

ஊரைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒருவர் ஒட்டி நின்றார். ஐம்பது வயதிருக்கும், சலவைச் சட்டை. இரண்டு அடி முன்னே நகர்ந்தேன். அவரும் நகர்ந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"கூட்டத்துல என்னம்மா செய்ய?" என்று சிரித்தார். அடுத்த நிமிடம் அவர் கை என் இடுப்பில் இருந்தது.

நான்கு வருடமாகப் பையில் பெப்பர் ஸ்பிரே வைத்திருக்கிறேன். ஒருமுறைகூட அடித்துப் பார்த்ததில்லை. பையைத் துழாவி, மூடியின் பூட்டைத் திருப்பி, முகத்தைப் பார்த்து அழுத்தினேன். அவர் அலறினார். ஆனால் முன்பக்க ஜன்னலெல்லாம் திறந்திருந்தது. காற்று மிச்சத்தை வாரிப் பின் இருக்கைகளில் கொட்டியது. இரண்டு வரிசை இருமியது. ஒரு பெரியவர் கண்ணைத் திறக்க முடியாமல் தவித்தார். அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன், இப்போதும் கேட்கிறேன். என் தொண்டையும் எரிந்தது.

டிரைவர் பஸ்ஸை ஓரம் கட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பஸ்ஸுக்குள்ள இதயா அடிப்பீக?" என்று கண்டக்டர் என்னைப் பார்த்துக் கத்தினார். "தனியா வருதாகல்ல, அதான் எல்லாத்துக்கும் பயம்" என்றது ஒரு குரல். யாரோ என் தண்ணீர் பாட்டிலையே பிடுங்கி, அந்த ஆளின் முகத்தைக் கழுவிவிட்டார்கள். "நான் ஒண்ணுமே செய்யலய்யா" என்று அவர் அழ, "பாவம்" என்றார்கள்.

அப்போது மில் பெண் ஒருத்தி எழுந்தார். முப்பது வயதிருக்கும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. செல்வி என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயரை எழுதப்போவதில்லை.

"பாவமா? இவரு கை எங்க போகும்னு எனக்குத் தெரியும். போன மாசம் எங்கிட்டயும் இதத்தான் செஞ்சாரு."

"எங்கிட்டயும்" என்றாள் பின்னாலிருந்து ஒரு கல்லூரி மாணவி.

கண்டக்டரின் குரல் இறங்கியது. "அப்பமே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"ஒங்ககிட்டத்தானண்ணே சொன்னேன்! கூட்டம்னா அப்படித்தான் இருக்கும்னீங்க."

அந்த ஆள் பின் படிக்கட்டுப் பக்கம் நழுவினார். கண்டக்டரே குறுக்கே நின்று மறித்தார். டிரைவர் திரும்பிப் பார்க்காமல், "எல்லாரும் உள்ள போங்க, நேரா ஸ்டேஷனுக்கு விடுதேன்" என்றார்.

காவல் நிலையத்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. பெண் காவலர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதினார். முதலில் நான் கையெழுத்துப் போட்டேன். செல்வி பேனாவை வாங்கினார்.

"வீட்டுக்காரரு என்ன சொல்லுவாகன்னு தெரியல" என்றார். பிறகு போட்டார்.

வெளியே டீ குடிக்கும்போதுதான் மற்றதைச் சொன்னார். அந்த ஆள் ஏறினால் இவர் ஏறமாட்டாராம். எட்டேகால் பஸ்ஸுக்கு நிற்பாராம். "வீட்டுக்குப் போறதுக்குள்ள பிள்ளைக ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிரும்க்கா. ராத்திரி பூரா மெஷின்ல நின்னுட்டு வாரேன், அதுக மொகத்தக்கூடப் பாக்க முடியாது. இன்னிக்குக் காலு நிக்கல, அதான் ஏறிட்டேன்."

என் ஸ்பிரேயை அவரிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம்புட்டு தடவ அடிக்கலாம்?"

"இருபது தடவைன்னு போட்டிருக்கு."

"நான் வருசத்துல முந்நூறு நாளு இந்த ரோட்டுலதான் பஸ்ல வாரேன்க்கா" என்று சொல்லிக் என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார்.

மதியம் வத்திராயிருப்பு வழியாகப் பிளவக்கல் போனேன். வத்திராயிருப்பிலிருந்து ஆட்டோ, போக வர ஐந்நூறு ரூபாய். மலையும் தண்ணீரும் அழகாகத்தான் இருந்திருக்கும். எனக்கு எதுவும் மனதில் நிற்கவில்லை.

தனியாகப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரேயைப் பைக்குள் வைக்காதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். வாங்கியதும் வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி ஒருமுறை அடித்துப் பழகுங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. ஓடும் பஸ்ஸுக்குள் கூடியமட்டும் வேண்டாம், முதலில் குரலை உயர்த்துங்கள். அடித்துவிட்டால் அங்கேயே நிற்காமல் விலகி, 100-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ அழையுங்கள். பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்துப் பேசுங்கள். அவருக்கும் தெரிந்திருக்கலாம்.

கூட இருக்கும் ஆண்களுக்கும் ஒன்று. ஒரு பெண் கத்தினால், அவள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அவள் ஏன் கத்தினாள் என்று கேளுங்கள்.

பத்து நாள் கழித்துச் செல்வி போன் செய்தார். வழக்கு நடக்கிறது. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லையாம், பொறவு சரியாகிவிட்டதாம். "அந்தாள இந்தப் பக்கமே காணோம்க்கா. இன்னிக்கு ஏழரை பஸ்லயே வந்துட்டேன். சின்னவளுக்கு நானே சடை பின்னிவிட்டேன்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். நான் போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். பெற்ற மகளுக்குச் சடை பின்னிவிட ஒரு தாய்க்கு இத்தனை வேண்டியிருந்திருக்கிறது.