ஜவஹர் சட்டைப்பையில் போன வில்லை

சரோஜாதேவி இளகிய மனசுக்காரி என்று யாராவது சொன்னால், ஆழ்வார்பேட்டை கம்பெனியில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், அவர்கள் கட்டும் கட்டடங்களின் கணக்கெல்லாம் அடையாறில் வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டரில், ஒரே காந்த நாடாவில் இருந்தது. அதற்குக் காவல் அவள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். திருத்துவதென்றால் அவளிடம் பித்தளை வில்லை வாங்கியாக வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் கை வைக்க வேண்டும் என்று வில்லையும் ஒன்றுதான். அதே கம்பெனியில் என்ஜினீயராக இருந்த புருஷன் ரகுபதிக்கும் அதே சட்டம்தான். அந்தக் காவல் வேலையில் அவளுக்குத் தலைகால் புரியாத பெருமை.

பங்குனியில் ஒருநாள் காலை, இன்னொரு என்ஜினீயரான ஜவஹர் வில்லையை வாங்கி, அசோக் நகரில் கட்டிக்கொண்டிருந்த கல்யாண மண்டபத்தின் கணக்கைத் துளைக் கார்டுகளில் பிரதி எடுத்தான். எடுத்தவன் வேலையைப் பார்க்க வேண்டாமோ? வில்லையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மயிலாப்பூரில் அறுபத்துமூவர் பார்க்கப் போய்விட்டான், மகராசன்!

அந்த நேரம் பார்த்துத்தான், அந்த மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்து பீமுக்குத் தான் கணக்கில் கம்பியைக் குறைத்துப் போட்டுவிட்டது ரகுபதிக்குத் தெரிந்தது. சாயங்காலம் கம்பிப் பட்டியல் சைட்டுக்குப் போயாக வேண்டும். ரெண்டே ரெண்டு கார்டு மாற்றினால் போதும் என்று பெண்டாட்டியிடம் கெஞ்சினான். சரோஜாதேவி அவன் வியர்த்த முகத்தைப் பார்த்தாள்; வில்லை இல்லாமலே திருத்திவிட்டாள்.

சாயங்காலம் வந்த ஜவஹர், தன் காலைப் பிரதியில் தூண்களை மாற்றி, அதை முழுசாக நாடாவில் ஏற்றினான். அந்தப் பிரதியில் இல்லாத ரகுபதியின் திருத்தம் அழிந்தது. பழைய கம்பிக் கணக்கே சைட்டுக்குப் போனது.

மறுநாள் காலை நாடாவைச் சரிபார்த்தவள் பழைய கணக்கே இருப்பதைக் கண்டாள். ஆட்டோ பிடித்து அசோக் நகருக்குப் பறந்தாள்.

மேஸ்திரி வலியுல்லா முறைத்தார். "இன்னாம்மா, கான்கிரீட் கலந்துகினு கீறாங்க, இப்போ வந்து நிறுத்துன்றே?"

"கொட்டறதா இருந்தா என் தலைமேல கொட்டுங்க" என்று கம்பிகளுக்கு நடுவே போய் நின்றாள். வேலை நின்றது.

மேனேஜர் சண்முகசுந்தரம் எல்லாரையும் கூப்பிட்டு விசாரித்தார். ரகுபதி முந்திக்கொண்டு, தப்பு தன்னுடையது என்றான். அவள் விடவில்லை.

"அவர் கேட்டார் சார். வில்லை இல்லாமப் போட்டது நான்."

அன்றே காவல் வேலை கைமாறியது. யாருக்கு? ஜவஹருக்கு! அறைக்குள் உட்கார வைத்தாலாவது ஊர் சுற்ற மாட்டான் என்பது மேனேஜர் கணக்கு. சரோஜாதேவியைக் கார்டு அடிக்க அனுப்பினார்கள். ரகுபதியோ இந்த வேலையே வேண்டாம், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடலாம் என்று குதித்தான்.

"சும்மா இருங்க" என்றாள். "அந்தக் கூடத்துல நாளைக்கு ஊரே உக்காந்து சாப்பிடும். மொதல்ல பீமோட சரியான கணக்கைக் குடுங்க, கார்டு அடிச்சுத் தரேன்."