தட்டையாகிப் போன டோனட்

என் மருமகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி, ரசம் சோறு வைத்தாலும் வாந்தி. தாளிக்கிற வாசனை வந்தாலே வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். கன்னம் ஒட்டிப்போய் விட்டது. புத்தூரில் பார்க்கிற டாக்டரம்மா, "இன்னும் எடை குறைஞ்சா ஆஸ்பத்திரியிலே சேர்த்து டிரிப்ஸ்தான் ஏத்தணும். ஏதாவது ஒண்ணு வயித்துலே நிக்குதா பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒண்ணு எது என்று தெரியாமல்தான் நான் திண்டாடிக்கொண்டிருந்தேன். நாராயணவனத்துப் பெருமாளை நினைத்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன்.

ஒரு நாள் அவளே வாயைத் திறந்தாள்.

"அத்தே, திருப்பதியிலே படிக்கிறப்போ டோனட் துன்னுவோம். அது மாதிரி ஏதாவது..." என்று இழுத்தவள், கேட்டதே தப்பு போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவளாக ஒன்று கேட்டதே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "வடை மாதிரி அத்தே, நடுவுலே ஓட்டை. மேலே சர்க்கரை" என்றாள். வடை சுட எனக்குச் சொல்லித் தரவேண்டுமா?

ஆனால் புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் இந்த மாதம் முழுக்க முட்டை வாசப்படி தாண்டாது. கடையில் சுட்டதில் முட்டை கலந்திருந்தால் என்ன செய்வது? திருப்பதியில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன். "மாவே ரெடிமேடா விக்கிறாங்கம்மா. பச்சைப் புள்ளி போட்டதாப் பார்த்து வாங்கியாறேன். எண்ணெயிலே போட்டு எடுத்தா வேலை முடிஞ்சுது" என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் வந்து சேர்ந்தான். கடையில் எடுக்கும்போது கல் மாதிரி உறைந்திருந்த மாவாம். பஸ்ஸில் வந்த சூட்டில் இளகி, பாக்கெட்டே ஊதிப் போயிருந்தது. உள்ளே உருண்டைகள் பந்து பந்தாக உப்பிக்கிடந்தன. லேசாகப் புளித்த வாசனை வேறு.

"கெட்டுப்போச்சுடா" என்றேன்.

தறியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர், "பஸ்ஸுலே வந்துச்சு இல்லே, அதுக்கும் மசக்கை" என்றார்.

மருமகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"கெடலைம்மா, தேதியைப் பாரு" என்று காட்டிவிட்டு மகன் குளிக்கப் போனான்.

கெடவில்லை, சரி. ஆனால் இவ்வளவு காற்றுப் பிடித்த மாவை மசக்கைக்காரிக்குக் கொடுத்தால் வயிறு என்னத்துக்கு ஆகும்? காற்றெல்லாம் வெளியே போகும்படி அழுத்தி அழுத்திப் பிசைந்தேன். வாழையிலையில் எண்ணெய் தடவி, மெல்லிசாகத் தட்டி, விரலால் ஓட்டை போட்டு எண்ணெயில் விட்டேன். உப்பவே இல்லை. சிவந்து மொறுமொறுவென்று மிதந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்த மகன் அடுப்பைப் பார்த்துவிட்டு, "ஐயோ, என்னம்மா பண்ணே! அது பொங்கறதுக்குத்தானே அப்படி இருந்துச்சு. இது தட்டைக்கு ஓட்டை போட்டா மாதிரி கீது" என்றான். நான் இன்னும் பிசையாமல் பாக்கெட்டில் மிச்சமிருந்த உருண்டைகளைப் பிடுங்கி, அமுக்காமல் ஓட்டை மட்டும் போட்டு அவனே சுட்டான். அவை பொன்னிறமாக உப்பி எழும்பின. மேலே சர்க்கரை தூவினான். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பெருமாளுக்கு வைக்கும் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் வாயில் வைத்துப் பார்க்க மாட்டோம். நாமம் போட்ட சொம்புக்கு முன்னால் இரண்டு தினுசையும் வைத்தேன். "கோவிந்தா, தெரியாமப் பண்ணிட்டேன். எது அவளுக்கு நிக்குமோ அதைக் குடு" என்று கற்பூரம் காட்டினேன்.

உப்பியிருந்ததைத்தான் முதலில் அவளிடம் நீட்டினோம். ஒரு கடி கடித்தாள். முகம் மாறியது. எழுந்து ஓடினாள்.

மகன் தண்ணீர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனான். பிரசாதம் வெளியே வந்துவிட்டதே என்று எனக்கு ஒரு கணம் பதறியது. பிறகு, பெருமாளும் தாய்தானே, கோபித்துக்கொள்ள மாட்டான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

முகம் கழுவி வந்தவள், "நான்தான் கேட்டேன், நானே..." என்று கண் கலங்கினாள். "அதுக்கு என்னா கண்ணு, போனாப் போவுது. உக்காரு" என்று பக்கத்தில் உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

சும்மா உட்கார்ந்திருந்தவள், நான் கெடுத்துவைத்த தட்டையில் ஓரத்தை ஒடித்தாள். சர்க்கரை இல்லாதது. நறுக்கென்று சத்தம். மென்றாள். இன்னொரு துண்டு ஒடித்தாள்.

"அத்தே, எலுமிச்சங்கா ஊறுகா கீதா?"

"டோனட்டுக்கு ஊறுகாவா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நைனா, சும்மா இரு. அவ துன்னட்டும்" என்றான் மகன்.

முழுசாக ஒன்றைத் தின்று முடித்தாள். என் வீட்டுக்காரருக்குத் தறி ஞாபகமே இல்லை.

"என்னா எல்லாரும் என் வாயையே பார்த்துக்கினு கீறீங்க?" என்று கேட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதுவும் நின்றது.

அன்றிலிருந்து உப்பாத, இனிக்காத, காய்ந்து மொறுமொறுக்கிற பண்டமாகவே செய்துவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக மோர் இறங்கியது, பிறகு சோறு.

அடுத்த முறை புத்தூரில் அவள் எடை மெஷின்மேல் ஏறி நின்றபோது நான் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா, கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"குறையலை. கொஞ்சம் ஏறிக்கூட இருக்கு. சேர்க்கவேணாம்" என்றார் டாக்டரம்மா. "அப்படி என்னம்மா குடுத்தீங்க?"

"டோனட்டுங்க" என்றேன்.

என் முதுகுக்குப் பின்னால் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பிப் பார்த்தேன், சிரிப்புத்தான்.