துபாஷியின் முக்காலி

கடைத்தெருவில் கவிழ்த்துப் போட்ட மீன்கூடையின் மேல் உட்கார்ந்து, முட்டை ஊற்றிய சிப்பி அடையை ஊதி ஊதித் தின்பார் அதிகாரி ஷாவ். எழும்போது அங்கியின் பின்பக்கம் கூடைப் பின்னல் அப்படியே பதிந்திருக்கும். அந்தக் கோலத்தோடுதான் கச்சேரிக்குப் போய் நீதி சொல்வார்.

தலைநகரத் தேர்வில் முன்வரிசையில் தேறியவர். சொந்த மாகாணத்தில் பதவி கிடையாது என்பது அரச விதி. வடக்கே கோதுமை தின்று வளர்ந்தவரை எங்கள் கடற்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. வழக்கென்றால் பக்கத்தில் முக்காலி போட்டுத் துபாஷி காவ் உட்காருவார். அவர் சொன்னதுதான் வாக்குமூலம். முன்பிருந்த அதிகாரிகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஷாவுக்குப் போதவில்லை.

நான் கப்பல் கப்பலாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய அன்று, அடை சுட்டுக்கொண்டே சிப்பிக்காரி லியன் அக்கா அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொருவாட்டி சொல்லுங்கய்யா. நாக்குல என்ன, சிப்பி ஓடு குத்திருச்சா?" ஊரையே கட்டியாளுபவர் பணிவாகத் திருப்பிச் சொன்னார்.

எட்ட நின்று காவ் சிரித்தார். "திங்கிறதுக்குப் பேசக் கத்துக்கிறாரு. கத்துக்கட்டும்."

இந்த மாதம் லியன் அக்காவே கச்சேரியில் மண்டியிட வேண்டி வந்தது. சிப்பி ஒட்டி வளர்வதற்காகக் கடற்சேற்றில் அவள் நட்டிருந்த கற்களை விலைக்கு வாங்கிவிட்டதாக உப்பு முதலாளி ஹோங் வழக்குப் போட்டிருந்தார். தோற்றால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

"ஒவ்வொரு கல்லும் என் தோள்ல சுமந்து நட்டது. நான் யாருக்கும் விக்கல," என்றாள்.

காவ் அலுங்காமல் வடக்குப் பேச்சில் மொழிபெயர்த்தது, கப்பல்களில் அதைப் பழகிய எனக்கும் புரிந்தது. "விற்றது உண்மைதானாம். கருணை காட்டச் சொல்லிக் கெஞ்சுகிறாள்."

ஷாவ் தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு எங்கள் பேச்சில், அதுவும் மீன்கடைப் பேச்சில், தொடங்கினார். "ஏய்யா காவ், விக்கலன்னு அவ கத்துனது வாசல்ல நிக்கிறவனுக்கே கேட்டுச்சு. உன் நாக்குல என்ன, சிப்பி ஓடு குத்திருச்சா?"

வாசலில் திரண்டிருந்த கடைத்தெரு மொத்தமும் சிரித்தது. கிரயச் சீட்டு எங்கே என்று முதலாளியைக் கேட்டார். ஹோங் காவைப் பார்த்தார். காவ் தரையைப் பார்த்தார். கற்கள் லியன் அக்காவுக்கே என்று தீர்ப்பு. அதையும் எங்கள் பேச்சிலேயே சொன்னார். ஓரிடத்தில் உச்சரிப்பு சறுக்கியது. லியன் அக்கா மண்டியிட்டபடியே திருத்தினாள். அவர் திருத்திச் சொன்னார்.

மறுநாள் காலை, துபாஷியின் முக்காலியைத் தன் தோளில் சுமந்துகொண்டு கடைத்தெரு வழியே வந்தார் ஷாவ். மீன்கூடையைக் காலால் ஒதுக்கி, முக்காலியைப் போட்டு அமர்ந்து, அடைக்குக் கையை நீட்டினார்.