அப்பாவுக்கு நான் தெரிந்தெடுத்த தோட்டா

பித்தளைத் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் வைத்தால் முதலில் தெரிவது அதன் குளிர்தான்... பாரம் பிறகுதான் தெரியும்.

அப்போது எனக்குப் பதினைந்து வயது. டொரொண்டோவுக்கு வெளியே, வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடை. கண்ணாடி மேசையில் தோட்டாக்களை உயர வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அது லிப்ஸ்டிக் கவுண்டர் மாதிரியே இருந்தது.

"அப்பா, உங்களுக்கு எந்த ஷேட் வேணும்?"

"சும்மா இரு பிள்ளை" என்றார் அப்பா. ஆனால் சிரித்தார்.

அவர் அங்கே வந்து நின்றதே ஒரு அதிசயம். மார்க்கம் நகரத்தில் ஜன்னல் செய்கிற ஃபாக்டரியில் வேலை. பத்து வருடமாக லஞ்ச் ரூமின் மூலையில் தனியாகச் சாப்பிட்ட மனுஷன். ஒருநாள் டக் என்பவர் தங்களுடைய மேசைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் கொடுத்த மான் இறைச்சியை அம்மா கறியாக்கிக் கொடுத்தனுப்ப, அடுத்த வருடம் வேட்டைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டு மிளகாய்த்தூள் சாதித்த ஒரே இராஜதந்திரம் அதுதான்.

(டக்குக்கு நான் வைத்த பெயர் வாத்து அங்கிள். அர்த்தத்தைச் சொன்னபோது, "குவாக்" என்றார். நல்ல மனுஷன்.)

அந்த வருடம் குலுக்கலில் அவர்களுக்கு ஒரே ஒரு எல்க் சுட அனுமதி விழுந்தது. எல்க் என்றால் குதிரை உயரத்தில் ஒரு மான். முதல் வெடி உனக்குத்தான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்.

அம்மாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்களே அதை வீட்டுக்கை கொண்டு வாறியளோ?"

"இது மானுக்கு மட்டும்தான்..." என்றார் அப்பா.

இலங்கையில் சண்டைக்குள், துப்பாக்கியின் குழல் பக்கத்தை மட்டுமே பார்த்து வளர்ந்தவர் அப்பா. அதனால் எந்தத் தோட்டா என்பதை கூட வந்த டக்கிடமே கேட்டார். தோட்டாவைத் தீர்மானித்தால்தானே துவக்கைத் தீர்மானிக்கலாம். டக் முந்நூற்றெட்டு என்ற அளவுத் தோட்டாவைக் காட்டினார். மானுக்கும் போதும், எல்க்குக்கும் காணும், தோளை உதைக்காது, புதிதாகச் சுடுகிறவருக்கு இதுதான் நல்லது என்றார். அப்பா அதைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"முந்நூற்றெட்டோ? நூற்றெட்டெண்டால் பிள்ளையாருக்குத் தேங்காய். முந்நூற்றெட்டுக்கும் தேங்காய்தான் அப்பா உடையும், எல்க் விழாது!"

பிறகு பக்கத்தில் நின்ற, முந்நூறு மக்னம் என்ற உயரமான, வேகம் கூடிய தோட்டாவைக் காட்டி, "ஆம்பிளையள் வாங்கிறது உதுதான்" என்றேன். அதையே கடைக்காரப் பெடியனுக்கு இங்கிலீஷிலும் சொன்னேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்பாவின் காது சிவந்தது. முந்நூற்றெட்டை வைத்துவிட்டு மக்னத்தை எடுத்தார்.

சுட்டுப் பழகும் இடத்துக்கு நானும் போனேன். முதல் வெடியிலேயே துவக்கு அவருடைய தோளில் மாடு முட்டியது போல உதைத்தது. இரண்டாவது வெடிக்கு, விசையை இழுக்கும் முன்னமே கண்ணை இறுக்கி மூடிவிட்டார். மூன்றாவதுக்கும் அப்படியே. நான் அதை வீடியோ எடுத்து, "அப்பா தியானத்தில்" என்று எழுதி குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். சொந்தக்காரர் முழுப்பேரும் சிரித்தார்கள்.

டக் சிரிக்கவில்லை. தன்னுடைய முந்நூற்றெட்டை நீட்டி, இதைக் கொண்டு போ என்றார்.

"நோ, நோ... மை டோட்டர் சூஸ் திஸ் வன்."

அதைச் சொல்லும்போது அப்பாவின் குரலில் இருந்தது பெருமை. எனக்கு அது கேட்டது. ஆனால் நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டெம்பரில் போனார்கள். அவர் திரும்பி வருகிற அன்று நான் அட்டைப் பெட்டியில் பெரிய கொம்பு இரண்டு வெட்டித் தலையில் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன்.

அப்பா என்னைப் பார்த்தபடி நின்றார். ஜீன்ஸ் இடுப்பு வரைக்கும் சேறு.

"கழட்டு பிள்ளை" என்றார். கோபமே இல்லை. அப்படியே உள்ளே போய்விட்டார்.

நடந்ததைச் சாமான் இறக்கி வைத்த டக்தான் சொன்னார். எண்பது மீற்றரில், பக்கவாட்டில், எல்க் அசையாமல் நின்றதாம். அதைவிட நல்ல வாய்ப்பு யாருக்கும் கிடைக்காதாம். அப்பா கண்ணை மூடியிருக்கிறார். வெடி வயிற்றில் பட்டது. அது விழவில்லை, ஓடிவிட்டது. இருட்டும் வரைக்கும் இரத்தத் தடம் பார்த்துப் போனார்கள். அடுத்த நாளும் போனார்கள். ஒரு சதுப்போடு தடம் முடிந்துவிட்டது. மற்றவர்கள் கரையில் நிற்க, அப்பா மட்டும் தண்ணீருக்குள் இறங்கித் தேடினாராம்.

யாரும் அவரை ஒரு சொல் சொல்லவில்லையாம். சொல்லியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அந்த மாதமே துவக்கை விற்றுவிட்டார்.

இப்போது எனக்குப் பத்தொன்பது. போன கிழமை கெம்பஸிலிருந்து அப்பா என்னைக் காரில் கூட்டி வந்தார். ரூஜ் காட்டுப் பக்கம் வரும்போது தெருவோரம் ஒரு மான். அப்பா பிரேக் அடித்தார். மான் எங்களைப் பார்த்துவிட்டு மரங்களுக்குள் போய்விட்டது. அவர் காரை எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

நாலு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். "அப்பா... அண்டைக்கு நான் அந்தக் கடையிலை பகிடி விடாட்டில்..."

"விசர்க் கதை கதையாதை. துவக்கு என்ர கையிலதானே இருந்தது."

காரை எடுத்தார். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்:

"எத்தினை நாள் கிடந்து துடிச்சுதோ தெரியாது..."

குனிந்தேன். என் காலடியில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி. சீற் இடுக்கில் சோற்றுப் பருக்கைகள், சில புதியவை, சில காய்ந்து கல்லாகிப் போனவை. கார் முழுக்கக் கறி வாசம். இவ்வளவு நாளும் அது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்போது லஞ்ச் ரூமில் ஒரு மேசை நிறைய ஆட்கள் அம்மாவின் கறிக்குப் போட்டி போட்டார்கள். இப்போது அவர் ஃபாக்டரி பார்க்கிங்கில், கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, தனியாகச் சாப்பிடுகிறார்.

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.