பொன்னாத்தாள் நிரப்பிய கட்டங்கள்

நாமக்கல்லிலிருந்து கேரளத்திற்கு முட்டை வண்டி ஓட்டி ஓய்ந்த வெங்கடாசலம், முதுமையில் சுடோகு கற்கத் தொடங்கியது தமக்காக அன்று. மனைவி பொன்னாத்தாளுக்கு மறதி முற்றிக்கொண்டே வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சுடோகு போன்ற ஏதேனும் ஒன்றால் மூளைக்கு வேலை கொடுங்கள் என்றார் மருத்துவர். கோவையிலிருந்த மகள் வித்யாவோ, "தை பொறந்ததும் வாரேனுங்கப்பா. அம்மா இப்படியே இருந்தா காப்பகத்துல சேர்த்தர வேண்டியதுதான்" என்று தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

நாளிதழில் வந்த கட்டத்தை எடுத்துக்கொண்டு அவர் மருந்துக்கடை பூபதியிடம் போனார். கடையில் ஆளில்லாத வேளையில் சுடோகு போடுகிறவர் பூபதி. தாளைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனுங்க டிரைவர், சந்துல பூந்து ஓவர்டேக் பண்றாப்பல எழுதியிருக்கீங்க? ஒரே வரிசையில ரெண்டு ஏழு நிக்குது!"

"ஒன்னுலிருந்து ஒம்பதுக்குள்ள எதையாச்சும் போட்டா ஆகாதுங்களா?"

"ஆகாதுங்க. குறுக்கு வரிசை, நெடுக்கு வரிசை, இந்த ஒம்பது கட்டப் பெட்டி, எதுலயும் ஒரு நெம்பரு ஒருக்காத்தான் வரோணும். எது வரும்னு தேடாதீங்க. எதெது வராதுன்னு அடிச்சுக்கிட்டே வாங்க. மிஞ்சறதுதான் அந்தக் கட்டத்துக்கு."

"ரெண்டு மிஞ்சுனா?"

"மூலையில பென்சில்ல பொடிசா எழுதி வெச்சுட்டு, காலியா உட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. அப்புறம் ஒன்னு தானாக் கழண்டுக்கும்."

மெல்ல அவருக்குப் பிடிபட்டது. ஓர் எண் ஏற்கெனவே நிற்கும் வரிசைகளைக் கண்ணாலேயே அடைத்து, பெட்டிக்குள் அதற்கு மிஞ்சும் ஒரே இடத்தைக் கண்டுகொள்ளும் வழியும் கைவந்தது.

பொன்னாத்தாளுக்குத்தான் ஒன்றும் ஏறவில்லை. கோழிப்பண்ணையில் முட்டைகளைத் தரம் பிரித்துக் குழியட்டையில் அடுக்கியவள் அவள். ஒரு குழி காலியாக இருந்தாலும் மேலேறும் அட்டைகளின் பாரம் அந்தப் பக்கம் சாயும் என்பது அவள் கையில் ஊறிய பயம். அவர் ஒரு கட்டத்தைக் காட்டி யோசிக்கச் சொல்வதற்குள், வாய்க்கு வந்த எண்ணை எல்லாவற்றிலும் எழுதி முடித்திருப்பாள்.

"தெரியாததைக் காலியா உடோணும் பொன்னாத்தா."

"நல்லா இருக்குது! மேல் அட்டை உக்காந்தா பக்கத்து முட்டை நொறுங்கிப் போகாதுங்களா? வண்டி ஓட்டிப் போட்டா ஆச்சா? அடுக்கத் தெரியுமா உங்களுக்கு?"

கடைசியில் அவர் ஒரு வழி கண்டார். முழுவதையும் தாமே போட்டு, ஒரேயொரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டு அவளிடம் நீட்டினார். வரிசையில் விரல் வைத்து எண்ணி, விடுபட்டதைச் சரியாக எழுதினாள். மறுநாளும் எழுதினாள். இதை வித்யாவுக்குக் காட்டினால் போதும் என்று நம்பினார்.

தை பிறந்தது, வித்யா வந்தாள். அவள் கண்ணெதிரே பொன்னாத்தாள் கடைசிக் கட்டத்தில் மூன்று என்று சரியாக எழுதியபோது, மகளின் முகம் மலர்ந்தது. தான் வாங்கி வந்திருந்த சுடோகு புத்தகத்தை விரித்து, "இதையும் போடுங்கம்மா, பாக்கலாம்" என்றாள்.

"வேண்டாங் கண்ணு, களைச்சிருப்பா" என்று வெங்கடாசலம் கை நீட்டுவதற்குள் பேனா ஓடத் தொடங்கிவிட்டது. காலியாக இருந்த இடமெல்லாம் மூன்று, மூன்று, மூன்று. எழுதி முடித்ததும், அட்டைமேல் அட்டையைத் திருப்பி வைப்பதுபோல, புத்தகத்தை நாளிதழின்மேல் குறுக்காக வைத்தாள்.

"ஒரு குழி காலியில்லீங்க" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னாள். "அடுத்த அட்டையைக் குடுங்க மேடம்."

வித்யா எழுந்தாள். உள்ளே போய் அம்மாவின் புடவைகளை எடுத்துப் பையில் வைக்கத் தொடங்கினாள்.

வெங்கடாசலம் கூடத்தில் நின்றார். கற்ற பழக்கம் அவரை விடவில்லை. தாமே பார்த்துக்கொள்வது: போன வாரம் அவர் குளிக்கப் போய்த் திரும்புவதற்குள் அவள் லாரிகள் ஓடும் சாலைவரை போய்விட்டாள். மனத்துக்குள் கோடிட்டு அடித்தார். மகள் வீடு: அங்கே பகலில் ஒருவரும் இருப்பதில்லை. அதையும் அடித்தார். ஆள் வைப்பது: வந்தவளைத் திருடி என்று பொன்னாத்தாள் துரத்திவிட்டாள். அதுவும் போயிற்று. ஒன்றுதான் மிஞ்சியது. அதை எழுதாமல் காலியாகவே விட்டார்.

"ஏனுங்க, சும்மா நிக்கறீங்க?" என்றாள் பொன்னாத்தாள். "லோடு ஏத்தியாச்சு. வண்டி கெளம்பலீங்களா?"