எடம் பத்தலீங்க

அண்ணன் மகன் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பி, "அத்தை, எல்லார் பேரையும் போல்டு ஆக்கிக் குடு" என்கிறான். நாற்பத்திரண்டு பேர்! எல்லாமே தடியாக இருந்தால் எதைத்தான் படிப்பது? சொன்னால் எவன் கேட்கிறான்?

மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டிடிபி கடையில்தான் என் முதல் வேலை. அங்கே ஒரு தடி எழுத்து இருந்தது. கம்பங்கள் உருட்டுக்கட்டை மாதிரி, நுனிகளில் சின்னச் சின்னக் கால்கள், சுழிக்குள் ஈ நுழைய இடமிருக்காது. சும்மா சொல்லக்கூடாது, எட்ட நின்று பார்த்தால் கம்பீரம்தான். சாவு போஸ்டருக்கும் கட்சி நோட்டீஸுக்கும் அதை விட்டால் ஆளில்லை. பத்திரிகைக்கு மட்டும் ஆகாது. ஒரு பேரைப் போட்டால் ஒன்றரைப் பேரின் இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆனால் இந்த ஊரில் மரியாதையை அளப்பதே அந்தத் தடிமனை வைத்துத்தான். என் தலையெழுத்து!

புளி வாசனை வந்தால் எனக்கு முனியம்மாள்தான் ஞாபகம். புளி தட்டிக் கொட்டை எடுக்கும் கூலிக்குப் போகிற கை. புருஷன் போன பிறகு ஒற்றை மகளை வளர்த்து, கல்யாணம் வரை கொண்டுவந்துவிட்டார். மகளின் பத்திரிகைக்காகக் கடைக்கு வந்தவர், கோடு போட்ட தாளில் தன் பேரைத் தானே எழுதிக் கொடுத்தார். தாளெல்லாம் பிசுபிசுப்பு.

"எம் பேரையும் போட்டுடு கண்ணு. பெருசால்லாம் வாணாம். இருந்தா போதும்."

போட்டேன். மறுநாள் பெண்ணின் பெரியப்பா வந்தார். மாமன், மச்சான், சித்தப்பன் அத்தனை பேரும் தடி எழுத்தில் வரணுமாம். மாற்றினேன். கடைசி வரி அட்டையை விட்டு வெளியே போய்விட்டது.

"சாதா எழுத்துல போட்டா எல்லாம் அடங்கிடுங்க."

"எங்க மாமன் மச்சானுக்கு மரியாதை வாணாமா? அந்தம்மா பேர எடுத்துடு. தாலியறுத்தவ பேரு நல்ல காரியத்துல எதுக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்து என்ன? வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வாயை மூடிக்கொண்டு எடுத்தேன்.

அச்சடித்த பத்திரிகைக் கட்டை வாங்க முனியம்மாளே வந்தார். விரலை வைத்து, வரி வரியாக, அடி வரைக்கும் படித்தார்.

"எம் பேரு எங்க கண்ணு?"

"எடம் பத்தலீங்க."

"பெரிய எழுத்துன்னா எடம் புடிக்குந்தான்" என்று சொல்லி, கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இத்தனை வருடம் கழித்து நான் இப்படிக் கத்திக்கொண்டிருக்க மாட்டேன்.

நாலைந்து வருடம் கழித்து அதே பெரியப்பா அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, கண்ணீர் அஞ்சலி ஒண்ணு. முனியம்மா போய்ட்டா. பேரு நல்லா தடியா, போஸ்டர் பூரா வரட்டும். நாலு பேரு பாக்கணுமில்ல?"

அதே எழுத்தில் அடித்தேன். ஒரு வரி முழுக்க முனியம்மாள் பேர் மட்டும். இடம் தாராளமாக இருந்தது.

ஸ்டேஷன் சுவரில் ஒட்டிய போஸ்டர் முதல் மழைக்கே கிழிந்தது. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அந்த எழுத்து புதுக் கம்ப்யூட்டரில் திறப்பதே இல்லை, வெறும் கட்டங்களாக வருகிறது. அதெல்லாம் போகட்டும். முனியம்மாள் பேரோடு முதலில் நான் அடித்த பத்திரிகையைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கலாம். அதன் மேலேயே திருத்திச் சேமித்துவிட்டேன்.